ஃபர் டப்பிங் பழக எதுல தொடங்கணும்: பண்ணை முயலா, ஹேர்ஸ் மாஸ்க்கா, பாக்கெட் சிந்தெடிக்கா, நாய் முடியா?

ஃபிளை, அதாவது தூண்டில் முள்ளுமேல நூலும் இறகும் ரோமமும் சுத்திச் செய்யுத பொய்ப்பூச்சி, அதக் கட்டுத ஆளுங்க நம்ம கன்னியாகுமரிப் பக்கம் ரொம்பக் கொஞ்சம்தான், ஆனா பழகத் தொடங்குனவங்க எல்லாரும் ஒரே எடத்துலதான் வந்து முட்டிக்கிட்டு நிக்காங்க. இறகு சுத்துதது வந்துரும், வெறும் நூல்ல பாடி, அதாவது பூச்சியோட உடம்பு, வந்துரும், ஃபோம் வெட்டிக் கட்டுத தவளை கூட ரெண்டாம் நாளே வந்துரும், ரோமத்த நூல்ல திருகி முள்ளுமேல சுத்துத இந்த டப்பிங் மட்டும் வராது. நூல்ல ஒட்டாது, ஒட்டுனாலும் கட்டி கட்டியா நிக்கும், சுத்தச் சுத்த அவுந்து தொங்கும். ஒடனே, நல்ல மெட்டீரியல் இல்ல அதான்னு முடிவு கட்டி பன்னெண்டு கலர் போட்ட டப்பா ஒண்ண ஆன்லைன்ல ஆர்டர் போட்டுருவாங்க. அந்த ஆர்டர் போடுததுக்கு முன்னால இத வாசிச்சுக்கிடுங்க மக்கா.

எந்த ஃபிளைக்கு எந்த ரோமம்ங்கது ரெண்டாவது கேள்வி. மொதக் கேள்வி, எந்த ரோமம் நம்ம வெரலுக்கு அடங்கும்ங்கதுதான். புக்கு, வீடியோ எல்லாத்துலயும் ஃபிளைய சொல்லிட்டு அதுக்கு மெட்டீரியல் சொல்லுவாங்க. 1922ல மிச்சிகன்ல லெனார்ட் ஹாலடேங்கவரு மொதல்ல கட்டுன ஆடம்ஸ்ங்குத ஃபிளைன்னா மஸ்க்ராட்டுங்குத தண்ணி எலி ஜாதியோட ரோமம், ஹேர்ஸ் இயர்ன்னா முயல் காது முடி, அப்பிடியே போவும் லிஸ்ட்டு. அது கட்டத் தெரிஞ்ச ஆளுக்கு சரி. பழகுதவனுக்கு அந்த வரிசை தலகீழு, ஏன்னா ஒவ்வொரு ரோமமும் வெரல்ல நடந்துக்கிடுத விதமே வேற, பேச்சிப்பாறை அணை ஜிலேபி மீனுக்கு அது மஸ்க்ராட்டா பண்ணை முயலான்னு பாக்க நேரமும் கெடையாது.

ரோமம் நூல்ல எதுனால நிக்குதுன்னு மொதல்ல தெரியணும். மெழுகுனாலன்னு பலபேரு நெனைக்காங்க. மெழுகு செய்யுதது அரை நிமிச வேலை, திருகுத வரைக்கும் ரோமம் கீழ விழாம பிடிச்சு வைக்கும், அவ்வளவுதான். அப்புறம் நிக்குதது ஒவ்வொரு முடியும் நூலையும் பக்கத்து முடியையும் சுத்திப் பின்னிக்கிடுததுனால. நம்ம வீட்டுல ஆச்சிமாரு விளக்குக்குத் திரி திரிக்கிறது இதே வேலைதான், பஞ்சு இழை நீளமா, மெல்லிசா, கொஞ்சம் சுருளோட இருந்தா திரி நிக்கும், தூசிப் பஞ்சா இருந்தா எவ்வளவு எச்சி தொட்டாலும் பிரிஞ்சு போவும். அதனால ரோமம் வாங்கும்போது பாக்க வேண்டியது மூணு, நீளம், மெல்லிசு, சுருளு. கலரு கடைசி.

இத வச்சுப் பாத்தா பண்ணை முயல்தான் மொதல்ல நிக்கும், இதுல எனக்கு ரெண்டாவது யோசனையே இல்ல. கறிக்கு முயல் வளக்குத வீடு நம்ம மாவட்டத்துல அங்கங்க இருக்கு, ஒயிட் ஜெயண்ட் வளக்காங்க, சோவியத் சின்சில்லா வளக்காங்க. கறிக்கு அறுக்கும்போது தோலைத் தூரப் போடுததுதான் வழக்கம், முன்கூட்டியே அண்ணே தோலை மட்டும் வச்சிருங்கன்னு சொல்லி வச்சா போதும். தோல் பதப்படுத்த எல்லாம் போவாதீங்க, அது தனித் தொழிலு, நாத்தம் வேற வீட்டுல சண்டையில கொண்டு விட்டுரும். அங்கேயே கத்திரிய வச்சு தோலை ஒட்டி ரோமத்த வெட்டி கவர்ல போட்டுக்கிட்டு வந்து, ஷாம்பு போட்ட வெதுவெதுப்பான தண்ணியில அலசி, பழைய வேட்டித் துணியில வடிகட்டி, நெழல்ல காய வச்சா முடிஞ்சு. அறுக்குதத பாக்க மனசு வரலேன்னா அதுக்கும் வழி இருக்கு, முயல் ரோமம் உதிர்க்குத சமயத்துல சீப்பு போட்டுச் சீவிக் குடுக்கச் சொன்னாலே ஒரு வருசத்துக்குக் காணும், முயலுக்கும் சுகம்.

முயல் முடிய கிட்ட வச்சுப் பாத்தா ரெண்டு வகை கலந்து கெடக்கும். நீளமா, பளபளன்னு, வெறைச்சு நிக்குதது மேல்முடி. அடியில புகை கணக்கா மெத்துனு கெடக்குதது உள்ரோமம், திருகுனா நூல்ல தானா ஏறுதது இதுதான். ஒரு சிட்டிகைய வேர்ப்பக்கமா இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நுனியில நீட்டிக்கிட்டு நிக்குத மேல்முடிய மறுகையால உருவுனா முக்கால்வாசி வந்துரும். பழகுத காலத்துல அத உருவித் தள்ளிருங்க. தூரப் போட்டுராதீங்க, ஒரு கவர்ல போட்டு வைங்க, கை பழகுன பிறகு அதயே கொஞ்சம் கொஞ்சமா திரும்பக் கலந்தா பாடியில கால் மாதிரி நீட்டிக்கிட்டு நிக்கும், மீனுக்கு அதுதான் பூச்சியாத் தெரியும்.

கலருக்கும் முயல்தான் சௌகரியம். சின்சில்லா அடியில நீலச் சாம்பலும் நுனியில வெளுப்பும் கருப்புமா இருக்கும், எல்லாத்தையும் கலந்துவிட்டா ஒரு நல்ல எலிச் சாம்பல் கெடைக்கும், அப்பிடியே கட்டலாம். வெள்ளை முயல்ன்னா சாயம் ஏத்திக்கிடலாம். ரோமம்ங்கது புரதம், அதனால வினிகர் ஊத்துன சுடுதண்ணியில கேசரிக் கலர் கூட பிடிச்சுக்கிடும், கட்டஞ்சாயா டிகாக்ஷன்ல ராத்திரி முழுக்க ஊறப்போட்டா காஞ்ச எலைக் கலரு வரும். மஞ்சத்தூள்ல மஞ்சள் ஒடனே ஏறும், ஆனா வெயில்ல வெளுக்கும், அதுக்காக அழ வேண்டாம், ஃபிளை அம்புட்டு நாள் பெட்டியில கெடக்கப் போறதில்ல, அதுக்குள்ள எங்கயாவது தாழம்புதர்ல போய் மாட்டிரும்.

ஹேர்ஸ் மாஸ்க்குக்கு வாறேன். ஐரோப்பாக்கார காட்டு முயலோட மூஞ்சித் தோலும் காதும் சேத்து விக்குத சாமானம் அது. இங்கிலாந்துல சுண்ணாம்புப் பாறை ஊத்து ஆத்துல டிரவுட் மீன் பிடிக்குதவங்க 19ஆம் நூற்றாண்டுலயே காது முடிய பட்டுநூல்ல திருகி கோல்டு ரிப்டு ஹேர்ஸ் இயர்ன்னு ஒரு ஃபிளைய உருவாக்கி அது இன்னைக்கு வரைக்கும் ஓடிக்கிட்டு இருக்கு. அதோட மதிப்ப நான் கொறச்சுச் சொல்லல, கலர் கலவையும் குத்திக்கிட்டு நிக்குத முடியும் வேற எதுலயும் அம்புட்டு அழகா வராது. ஆனா அந்தக் காது முடி சில மில்லிமீட்டர்தான் நீளம், கம்பி கணக்கா வெறைப்பு, சுருளும் கெடையாது, நான் மேல சொன்ன மூணுல ஒண்ணுகூட இல்ல. தொடக்கக்காரன் இதத் திருகுனா பாதி மடியில விழும், மீதி கட்டியா நிக்கும். அத வச்சுக் கட்டுதவங்களே கன்னத்துல இருக்க மெத்துன ரோமத்த காது முடியோட கலந்துதான் கட்டுதாங்க. வெளிநாட்டுல இருந்து வரணும், ஷிப்பிங்குக்கு ஆவுத காசுல ஒரு மாச முள்ளு வாங்கிரலாம். இத ரெண்டாவது வருசத்துக்குத் தள்ளி வைங்க.

இங்க ஒண்ணு கண்டிப்பாச் சொல்லணும், அப்போ நம்ம காட்டு முயல் இருக்கேன்னு யாராவது கெளம்பிராதீங்க. காட்டு முயல், கீரி, நீர்நாய், அணில் ஜாதின்னு பலதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள்ள வருது. பழைய இங்கிலீஷ் புக்குல ஓட்டர் (நீர்நாய்) ரோமம்னு போட்டுருப்பான், அதப் படிச்சுட்டு கோதையாத்துப் பக்கம் விசாரிக்கப் போனா மீனுக்குப் பதிலா கேஸுதான் மாட்டும். கீரி முடி பெயிண்ட் பிரஷ்ஷே நம்ம நாட்டுல விக்கக்கூடாத சாமானம். ரோட்டுல அடிபட்டுக் கெடந்ததுன்னு சொன்னாலும் எடுக்காதீங்க.

பாக்கெட் ரோமம், அதாவது சிந்தெடிக். இத மோசம்னு ஒரே வார்த்தையில தள்ளுதவங்க கூட எனக்கு ஒத்துவராது, ஏன்னா இதுல ரெண்டு ஜாதி இருக்கு. ஒண்ணு பாலிப்ரொப்பிலீன்ல செஞ்ச சூப்பர்ஃபைன் வகை, ரொம்ப மெல்லிசு, உண்மையச் சொல்லணும்னா முயல விட லேசாவே நூல்ல ஏறும். பாலிப்ரொப்பிலீன் தண்ணிய விட எடை கொறஞ்சது, அதனால மெதக்குத டிரை ஃபிளைக்கு நல்லாத் தோதான சாமானம். ரெண்டாவது ஆன்ட்ரான், ஐஸ் டப் மாதிரி மின்னுத வகை. நைலான் ஜாதி, பாலியெஸ்டர் ஜாதி எல்லாம் தண்ணிய விட கனம், அமுங்கும், மின்னும், ஆனா வழுவழுன்னு இருக்கதுனால வெரல்ல திருகும்போது சறுக்கிக்கிட்டே இருக்கும். படத்தைப் பாத்துட்டு பழகுதவன் மொதல்ல வாங்குதது இந்த ரெண்டாவது ஜாதியத்தான், அங்கதான் வெப்ராளம் தொடங்குது.

சூப்பர்ஃபைன் அம்புட்டு லேசுன்னா அதுலயே தொடங்குனா என்னன்னு கேக்கலாம். நியாயமான கேள்வி. முயல் கெடைக்காத எடத்துல இருக்கவங்க தொடங்கலாம், ஒண்ணும் கெட்டுப் போவாது. எனக்கு அதுல ரெண்டு கொறை தெரியுது. அது அமுங்கி அமுங்கி ஏறுததுனால எவ்வளவு வச்சோம்னு கண்ணுக்குத் தெரியாது, பாடி தடிச்சு சுருட்டு மாதிரி ஆன பிறகுதான் தெரியும், முயல்ன்னா சிட்டிகை கூடிப் போச்சுன்னா நூல்லயே ஊதி நின்னு காட்டிக் குடுத்துரும். ரெண்டாவது, கட்டி முடிச்ச பிறகு ஊசியால கிண்டி முடிய வெளிய எடுக்குத வேலை அதுல நடக்காது, கிண்ட ஒண்ணும் இருக்காது. நம்ம பக்கம் நமக்கு வேண்டியது முக்காவாசி நிம்ஃப்தான், தண்ணிக்குள்ள கெடக்க பூச்சிக்குஞ்சு மாதிரி அமுங்குத ஃபிளை, அதுல கிண்டி எடுக்குத முடிதான் பாதி உசுரு. கொளச்சல்ல, முட்டத்துல கரையில கெடக்க படகு கட்டுத கயறும் பாலிப்ரொப்பிலீன்தானே, அதப் பிரிச்சா ஓசியில கெடைக்குமேன்னு ஒரு கூட்டுக்காரன் கேட்டான். பிளாஸ்டிக் ஒண்ணுதான், ஆனா கயத்து இழை தடிமன், நூல்ல சுத்தாது, நிமிந்து நிக்கும். டப்பிங்குக்கு ஆவாது.

நாய் முடி. சிரிக்காதீங்க, நல்ல சாமானம். லாப்ரடார், பொமரேனியன், ஸ்பிட்ஸ் வளக்குத வீட்டுல சீப்புல வாறது பெரும்பாலும் உள்ரோமம்தான். லாப்ரடார் முடி கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கோட தண்ணி ஒட்டாம வளருத ஜாதி, அலசுனாலும் மெத்துனு நிக்கும், முயலுக்கு அடுத்த எடம் இதுக்குத்தான் குடுப்பேன். ஸ்பிட்ஸ் முடி ரொம்ப நீளம், அப்பிடியே திருகுனா கயறாத்தான் வரும், கத்திரியால ரெண்டா நறுக்கிக் கலைச்சுவிட்டுட்டுக் கட்டணும். நம்ம நாட்டு நாய்ங்க, சிப்பிப்பாறை, ராஜபாளையம், கோம்பை, இதுங்களுக்கு ஒட்ட வெட்டுன மாதிரி முடி, உள்ரோமமும் இருக்காது, சீவிப் பிரயோஜனமில்ல. வெள்ளாட்டு முடியும் வெரலுக்கு அடங்காது, ஆனா அதுக்கு வேற வேலை இருக்கு, பின்னால வாறேன். ஸ்வெட்டர் பின்னுத அக்ரிலிக் கம்பளி நூல அரை அங்குலமா நறுக்கி மிக்ஸியில பல்ஸ் விட்டுக் கலைச்சாலும் கட்டலாம், கலர் கொறைவே இல்ல, ஆனா மொதக் கை பழகுததுக்கு முயல் அளவுக்கு ஒத்துழைக்காது. வீட்டு மிக்ஸியில செஞ்சுட்டு அதே ஜார்ல அம்மா சட்னி அரைச்சா என்ன நடக்கும்னு நான் சொல்ல வேண்டாம், தனி ஜார் வச்சுக்கிடுங்க. இல்லன்னா மூடி போட்ட பாட்டில்ல தண்ணியும் ரெண்டு சொட்டு ஷாம்பும் ரோமமும் போட்டுக் குலுக்கி வடிகட்டிக் காய வைங்க, ரெண்டு மூணு கலர் கலக்குததுக்கு இதுதான் சுத்தமான வழி.

ரோமம் முடிஞ்சுது, இனி முறை. இதுலயும் நாலு வழி இருக்கு, நாலும் ஒரே தரம் கெடையாது.

வெறும் வெரலால ஒத்தை நூல்ல திருகுததுதான் அடிப்படை, மத்த மூணும் இதுக்கு மேல கட்டுத மாடி. நூல்ல மெழுகு ஒரு நாலு சென்டிமீட்டர் தூரம் தேச்சுக்கிடணும். அப்புறம் சிட்டிகை. இந்த சிட்டிகைதான் எல்லாம். எடுத்த ரோமத்த நியூஸ்பேப்பர் மேல பரத்தி வச்சா அடியில இருக்க எழுத்து வாசிக்க முடியணும், முடியலேன்னா கூடிப் போச்சு, பாதிய எடுத்துருங்க, அந்தப் பாதியும் கூடன்னுதான் கட்டும்போது தோணும். அத நூல் மேல வச்சு கட்டைவெரலுக்கும் ஆள்காட்டிவெரலுக்கும் நடுவுல ஒரே பக்கமாத் திருகணும். முன்ன பின்ன உருட்டக்கூடாது, முன்னால போவும்போது ஏறுனது பின்னால வரும்போது அவுந்துரும், ரோமம் ஒட்டலேன்னு சொல்லுதவங்க கைய நின்னு பாருங்க, பத்துல எட்டு பேரு இந்த உருட்டல்தான். ஒரு திருகு, வெரலைத் தொறந்து திரும்ப அதே எடத்துல வச்சு மறுபடி அதே பக்கம் ஒரு திருகு. மேல இருந்து கீழ வரைக்கும் அப்பிடி வந்தா நூல்ல ஒரு மெல்லிசு புழு கெடைக்கும், மேல் நுனி ஊசியா, கீழ வர வரக் கொஞ்சம் தடிப்பா. அத முள்ளுத் தண்டு வரைக்கும் மேல தள்ளிவிட்டு வால் பக்கத்துல இருந்து சுத்த ஆரம்பிச்சா பாடி தானா கூம்பிக்கிட்டு வரும். சுத்தச் சுத்த திருகு கொஞ்சம் தளரும், நடுவுல நிறுத்தி திரும்ப அதே பக்கம் ரெண்டு திருகு குடுத்துக்கிடணும். முள்ளோட கண்ணுக்கு ஒரு கண்ணு அகலம் முன்னாலயே நிறுத்திரணும், தலை கட்ட எடம் வேண்டாமா. மேல ஒரு செம்புக் கம்பிய எதிர்ப் பக்கமாச் சுத்துனா பாடி அசையாது. கம்பிக்கு மோட்டர் காயில் கட்டுத கடையில 36, 38 கேஜ்ல மிச்சம் கெடக்கும், கேட்டா சும்மாவே குடுப்பாங்க.

ரெண்டாவது லூப் முறை. நூல மடிச்சு எட்டு பத்து சென்டிமீட்டருக்கு ஒரு வளையம் விட்டு, ரெண்டு நூலுக்கு நடுவுல ரோமத்தக் குறுக்க வச்சு, கீழ கொக்கி மாட்டிச் சுத்திவிட்டா பாட்டில் கழுவுத பிரஷ் கணக்கா வரும். கொக்கிக்குக் காசு குடுக்க வேண்டாம், ஜி.ஐ. கம்பிய வளைச்சு அடியில தூண்டில் ஈயக்குண்டு ஒண்ணு மாட்டுனா போதும், கனம் இருந்தா நல்லா நின்னு சுத்தும். வெரல்ல அடங்காத ஆட்டு முடி, முயல் மேல்முடி, மின்னுத ஐஸ் டப் எல்லாம் இதுல சொன்னபடி கேக்கும், ஏன்னா ரெண்டு நூல் நடுவுல நசுங்கிக்கிடுது, சுருளு வேண்டாம். பாக்கவும் அள்ளும். அதனாலேயே நெறைய பேரு இதுல தொடங்கிட்டு வெரல் முறையவே பழகாம விட்டுருதாங்க, எனக்கு அது பிடிக்கல. ரெண்டு நூல் சேருததுனால 14 நம்பர விடச் சின்ன முள்ளுல (நம்பர் கூடுனா முள்ளு சின்னது) பாடி கனத்துப் போவும், கூம்பு கொண்டு வாறதும் பாடு, சுத்தும்போது ஒவ்வொரு சுத்துக்கும் முடியப் பின்னால கோதிவிடலேன்னா தன்மேலயே மாட்டிக்கிடும். கடைசி நேரத்துல அதிகமாச் சுத்தி நூல் அறுந்துச்சுன்னா அம்புட்டு ரோமமும் சட்டை மேல. பெரிய முள்ளுக்கு, கழிமுகத்து இறால் ஃபிளைக்கு லூப்தான் ராஜா. சின்ன நிம்ஃபுக்கு வெரல்தான்.

டச் டப்பிங், அதாவது பிசுபிசு மெழுகு பூசுன நூல்ல பொடியா நறுக்குன ரோமத்தத் தொட்டு மட்டும் எடுக்குத முறை, குளிர் நாட்டுக்காரன் கண்டுபிடிப்பு, பங்குனி சித்திரையில நாகர்கோயில் வீட்டு மாடியில உக்காந்து செஞ்சா மெழுகு உருகி நூல் வழியா வழியும். ஆடி மாசச் சாரல்ல வேணும்னா பாத்துக்கிடுங்க. கம்பியில முன்கூட்டியே முறுக்கி வச்ச டப்பிங் பிரஷ் ஒரேயடியா நெறைய கட்டுதவங்களுக்கு, கனமும் சேரும், ஆனா அத வாங்கிச் சுத்துனா நீங்க பழகுதது சுத்துதது மட்டும்தான்.

மெழுகு விசயத்துல நம்ம மாவட்டத்துக்கு அதிர்ஷ்டம். மார்த்தாண்டம் தேனுக்கு 2023ல புவிசார் குறியீடு கெடைச்சது எல்லாருக்கும் தெரியும், தேன்மெழுகப் பத்தி யாரும் பேசுததில்ல. தேனீ வளக்குதவங்க கிட்ட கேட்டா பழைய அடைய உருக்குன மெழுகு கட்டி கெடைக்கும். வெறும் தேன்மெழுகு அறுபது டிகிரிக்கு மேலதான் உருகும், நம்ம வெயிலுக்குக் கெட்டியாவே நிக்கும், ஆனா பழகுதவனுக்கு ஒட்டுதல் கொஞ்சம் பத்தாது. அதுக்கு சால்டரிங் பண்ணுதவங்க வச்சிருக்க ரோசின் கொஞ்சம் பொடிச்சுப் போட்டு, வெளக்கெண்ணெய் ரெண்டு சொட்டு விட்டு, பாத்திரத்த சுடுதண்ணிக்குள்ள வச்சு உருக்கணும். நேரா அடுப்புல வைக்காதீங்க, தீப்பிடிக்கும். ரோசின் கரைய நேரமாவும், பொறுமையாக் கிண்டணும். தேங்கா எண்ணெய் கையில இருக்கேன்னு அத விடாதீங்க, அது 24 டிகிரிக்கு மேல தண்ணிதான், நம்ம ஊர்ல வருசம் முழுக்க தண்ணி, மெழுகு கொழகொழன்னு ஆயி ரோமம் நூல்ல ஏறாம வெரல்ல ஏறும்.

வெரல்ன்னு சொன்னதும் வேர்வை ஞாபகம் வருது, இதப் பத்தி வெளிநாட்டு வீடியோவுல ஒருத்தனும் பேச மாட்டான். வேர்த்த வெரல்ல மெழுகு ஒட்டுனா ரோமம் வெரலோடவே திரும்பி வந்துரும். ஃபேன் போட்டா வேர்வை நிக்கும், ரோமம் பறக்கும். ஃபேன நிறுத்துனா ரோமம் நிக்கும், வேர்வை ஓடும். சீலிங் ஃபேன அணைச்சுட்டு டேபிள் ஃபேன மேசைக்கு அடியில கால் பக்கமாத் திருப்பி வச்சு, மெழுகு தேய்ச்ச ஒடனே வெரல ஈரத்துண்டு, காஞ்ச துண்டுன்னு ரெண்டுலயும் தொடைச்சுக்கிட்டா வேலை நடக்கும். விடியக்காலம் உக்காருதவங்களுக்கு இந்தப் பாடே இல்ல. மூச்சு முட்டு, தும்மல் உள்ளவங்க மாஸ்க் போட்டுக்கிடுங்க, முயல் உள்ரோமம் கண்ணுக்குத் தெரியாம மூக்குக்குள்ள போவும்.

நூலுக்கு ஃபிளை டையிங் நூல்தான் வேணும்னு இல்ல. டெய்லர் கடை தையல் நூல் தடிமன், ரோமம் வைக்கதுக்கு முன்னாலயே பாடி வீங்கிரும். எம்பிராய்டரி மிஷினுக்குப் போடுத பாலியெஸ்டர் நூல் மெல்லிசாவும் உறுதியாவும் இருக்கும், அது பழகுததுக்குத் தாராளம். பளபளப்பு ஜாஸ்திதான், மெழுகு ஏறுனா கொறஞ்சுரும். ரேயான் எம்பிராய்டரி நூலும் அதே ரேக்குலதான் இருக்கும், நனைஞ்சா பலம் கொறையுத சாமானம், கேட்டு வாங்குங்க. முள்ளு 10, 12 நம்பர்ல நீளத் தண்டா எடுங்க. 16ல தொடங்கி அழுதவங்க நெறைய.

எங்க போடப் போறீங்கங்கதும் தேர்வ மாத்தும். சானல்ல தண்ணி விட்ட பிறகு அனந்தனார் சானல், தோவாளை சானல் கரையிலயும், குளத்துக் கரையிலயும் ஜிலேபிக்கும் சின்னக் கெண்டைக்கும் போடுததுன்னா முயல் ரோம நிம்ஃப், வெரல்ல திருகுனது, செம்புக் கம்பி சுத்துனது, இதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணையில போடுததுக்கு அனுமதி விசயத்த விசாரிச்சுட்டுப் போங்க, சுத்தி வனத்துறை எடம். விராலுக்கு டப்பிங்கே அநாவசியம், அதுக்கு எலைக்கு மேல இழுக்குத ஃபோம் தவளைதான். மணக்குடி, தேங்காப்பட்டணம் கழிமுகத்துல கொடுவாவுக்கும் சின்னப் பாரைக்கும் போவுதவங்க பாப் கிளவுசர் 1987ல உண்டாக்குன அந்தக் கிளவுசர் மின்னோவத்தான் கட்டுவாங்க, அதுல பாடியே கெடையாது, நீள முடியும் ஈயக் கண்ணும்தான். அதனால கழிமுகம் மட்டும் போதும்னு இருக்கவங்க டப்பிங் பழகலேன்னாலும் மீன் பிடிக்கலாம், ஒருத்தரும் கோவிச்சுக்கிட மாட்டாங்க. இறால் ஃபிளை கட்டணும்னு ஆசை வந்தா அப்போ லூப்பு, அதுக்கு வெள்ளாட்டு முடியும் முயல் மேல்முடியும் கலந்து, நான் கவர்ல போட்டு வைக்கச் சொன்னேன்லா அதுதான்.

மழை காலத்துக்கு ஒரு விசயம். நமக்கு ரெண்டு மழையும் உண்டு, ஜூன்லயும் பெய்யும் ஐப்பசியிலயும் பெய்யும், சரியாக் காயாத ரோமத்தக் கவர்ல அடைச்சு வச்சா பூஞ்சை பிடிச்சு எல்லாம் ஒரே கட்டியாயிரும். ஜிப் கவர், உள்ள மருந்து டப்பாவுல வாற சிலிக்கா ஜெல் பொட்டலம் ரெண்டு, அந்துருண்டை ஒண்ணு. பாக்கெட் ரோமத்துக்கு இந்தக் கவலையே இல்ல, பூச்சி தின்னாது, பூக்காது, அந்த ஒரு விசயத்துல அது ஜெயிச்சுருது.

காசு செலவழிக்கணும்னு கை துறுதுறுன்னா டப்பா வாங்காதீங்க, ஒத்தைப் பாக்கெட்டா விக்குத எடத்துல மின்னுத வகையில ஒரே ஒரு ஆலிவ் பச்சை வாங்குங்க. தனியாக் கட்டாம, முயல் ரோமம் ஒம்பது பங்குக்கு அது ஒரு பங்கு கலந்து வெரல்ல திருகுங்க, சுருளுக்கு முயல் இருக்கதுனால சறுக்காது, வெயில் பட்டா தண்ணிக்குள்ள லேசா மின்னும். அந்தப் பன்னெண்டு கலர் டப்பாவுல மீதி பதினொண்ணும் எப்பிடியும் மூடியத் தொறக்காமலேதான் கெடக்கும்.